42 கிலோமீட்டரும் ஒரு பி.பி. மாத்திரையும்

கேள்வி கேட்டவருக்கு வயது 44. தாம்பரம் பக்கம் வீடு, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்று ஹாஃப் மாரத்தான் முடித்துவிட்டார். வரும் ஜனவரியில் சென்னையில் முதல் ஃபுல் (42 கி.மீ. முழு மாரத்தான்) ஓடப் பணமும் கட்டியாயிற்று. இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று தினமும் சாப்பிடுகிறார். அப்பாவுக்கு 58 வயதில் பைபாஸ் நடந்திருக்கிறது. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். அவர் கேட்பது மூன்று: ஓடலாமா? வழியில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? 30 கி.மீ.க்கு மேல் முட்டி வலித்தால் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு முடித்துவிடலாமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடலாம், ஆனால் சில பரிசோதனைகளுக்கு அப்புறம். தண்ணீர், தாகம் எடுக்கிற அளவுக்கு. வலி மாத்திரை கூடவே கூடாது. அதுவும் நீங்கள் சாப்பிடும் அந்த பி.பி. மாத்திரையோடு சேர்த்து நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

நான் பொது மருத்துவர். 12 வருடமாக ஓடுகிறேன். ஓடாத வருடங்களில் பந்தயங்களின் மருத்துவக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களில் வெறும் தூரத்தால் விழுந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உடம்பு ‘போதும்’ என்று சொன்னதை ஏதாவது ஒன்றால் அடக்கிவிட்டு ஓடியவர்கள்தான் அதிகம். சிலர் மாத்திரையால் அடக்கியிருப்பார்கள், சிலர் காய்ச்சலோடு வந்திருப்பார்கள், சிலர் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்ற எண்ணத்தால் அடக்கியிருப்பார்கள்.

சரி, உங்கள் மனைவியின் பயத்திலிருந்து தொடங்குவோம். அது நியாயமான பயம். ஆனால் அளவு தெரிந்து பயப்பட வேண்டும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரின் கணக்கை எடுத்து 2012ல் ஓர் ஆய்வு வந்தது. அவ்வளவு பேரில் இதயம் நின்று விழுந்தவர்கள் 59 பேர். முழு மாரத்தானை மட்டும் எடுத்துக்கொண்டால் லட்சத்துக்கு ஒருவர். அரை மாரத்தானில் அதில் கால் பங்குதான். விழுந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த 59 பேரில் 42 பேர் இறந்துபோனார்கள். அடுத்த 13 வருடக் கணக்கு 2025ல் வெளியானது. விழுகிறவர்களின் விகிதம் ஏறக்குறைய அதேதான். ஆனால் இறப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. காரணம், பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியதும், நெஞ்சுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி சீக்கிரம் வந்து சேர்ந்ததும்.

இந்தக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு 59 என்று பல நாடுகளைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றில் தெரிந்தது. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். அப்பாவுக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறு என்று கணக்கில் எடுப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு 58. புத்தகப்படி நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். ஆனால் என் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் மூன்று வருட வித்தியாசத்தைப் பார்த்து நான் விட்டுவிட மாட்டேன்.

அதனால் இதய மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் (டி.எம்.டி.), சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின். ‘டி.எம்.டி. நார்மல் டாக்டர்’ என்று பலர் அந்தக் காகிதத்தை ஓட்டுநர் உரிமம் மாதிரி நீட்டுவார்கள். அது அப்படிப்பட்ட உத்தரவாதம் அல்ல. ரத்தக் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தால்தான் பெரும்பாலும் அதில் தெரியும். கொஞ்சமாகப் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்து வரும் அடைப்பை அது முன்கூட்டிச் சொல்லாது. அதைவிட நீங்கள் வாயால் சொல்லும் விஷயம் பெரிது. ஓடும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடது தோளிலோ ஓர் இறுக்கம் வந்து, நின்றால் போய்விடுகிறதா? போன மாதம் எளிதாக இருந்த வேகம் இந்த மாதம் மூச்சு வாங்க வைக்கிறதா? ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறையாவது கண் இருட்டி விழுந்திருக்கிறீர்களா? சொந்தத்தில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருக்கிறார்களா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஜனவரியை மறந்துவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும். ‘கேஸ் டிரபிள்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. அந்த அமெரிக்க ஆய்வில் பெரும்பாலோர் விழுந்தது பந்தயத்தின் கடைசிக் கால் பகுதியில். முடிவுக்கோடு கண்ணில் பட்டதும், பாட்டுச் சத்தம் கேட்டதும், புகைப்படக்காரரைப் பார்த்ததும் ஒரு வேகம் வருமே, அதைச் செய்யாதீர்கள். நாலரை மணி நேரம் ஓடிக் களைத்த இதயத்தை 200 மீட்டருக்காக விரட்டி மிச்சம் பிடிப்பது முக்கால் நிமிடம்கூட இருக்காது.

இப்போது மாத்திரை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இதில் நானே மாட்டிக்கொண்டவன்.

என் முதல் ஃபுல்லின்போது நான் டாக்டராகி ஒன்பது வருடம். இடது முட்டியில் ஒரு மாதமாக வலி. காலையில் கிளம்பும்போது ஒரு டைக்ளோஃபினாக், 28ஆவது கிலோமீட்டரில் இன்னொன்று. நோயாளிகளிடம் ‘வெறும் வயிற்றில் போடாதீர்கள்’ என்று ஆயிரம் முறை சொன்ன மாத்திரை. முட்டி வலி நின்றது, பதக்கம் வாங்கினேன், படமும் எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலந்து, அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் திணறியிருக்கிறது. கிரியேட்டினின் 2.6 வரை ஏறியிருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, சலைன் ஏறி, தப்பித்தேன். என்னைப் பார்க்க வந்த சக டாக்டர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

என்ன நடக்கிறது என்றால், ஓடும்போது ரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் போகிறது. சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அப்போது சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து தன் ரத்தக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், நாப்ராக்ஸென் எல்லாம் அந்தப் பொருளையே நிறுத்தும் மாத்திரைகள். வலி போவதும் அதனால்தான், சிறுநீரகம் தவிப்பதும் அதனால்தான். ஜெர்மனியின் பான் நகர மாரத்தானில் கிட்டத்தட்ட 4,000 பேரிடம் கேட்டார்கள். பாதிப் பேர் ஓடுவதற்கு முன்பே வலி மாத்திரை போட்டிருந்தார்கள். போட்டவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு வயிறு, இதயம், சிறுநீர் என்று ஏதாவது தொந்தரவு. போடாதவர்களில் 4 பேருக்குத்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பது பேருமே மாத்திரை போட்டவர்கள்.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். டெல்மிசார்டான் சிறுநீரகத்தின் வடிகட்டியில் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. சாதாரண நாளில் இரண்டும் உங்களுக்கு நல்லது செய்கிற மருந்துகள். இவற்றோடு மூன்றாவதாக ஒரு வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழியே இல்லை. ஓடாமல் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கே இந்த மூன்றும் சேர்ந்து சிறுநீரகம் கெட்டுப்போவதைப் பார்க்கிறோம். சென்னை ஈரத்தில் ஐந்து மணி நேரம் வேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த தயசைடு ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்தையும் இறக்கும்; அதைத் தண்ணீர்ப் பேச்சில் மறுபடி சொல்கிறேன். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்து எழுதிய டாக்டரிடம் ‘ஜனவரியில் 42 கி.மீ. ஓடப்போகிறேன், இதில் நீர் பிரிக்கும் மருந்து வேண்டுமா, வேறு மாற்றலாமா’ என்று இப்போதே கேளுங்கள். மாற்றினால் அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சில வாரங்கள் வேண்டும். பந்தயத்துக்கு முதல் வாரம் போய்க் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முட்டி வலி வந்தால்? நடங்கள். நடந்தும் அதே வலி கூடிக்கொண்டே போனால் நின்றுவிடுங்கள். வலியைச் சகித்துக்கொண்டு ஓடத் தெரிந்தவன் பெரிய ஓட்டக்காரன் என்று ஒரு பேச்சு நம் குழுக்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடை கனப்பது, கெண்டைக்கால் இறுகுவது, எல்லாம் வலிப்பது போல் இருப்பது, அதெல்லாம் ஃபுல்லில் உண்டு, அதோடு ஓடலாம். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளியில், ஒவ்வொரு அடிக்கும் குத்துகிற வலி வேறு. அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம்.

தண்ணீர் விஷயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1904ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒலிம்பிக் மாரத்தான். 32 டிகிரி வெயில், புழுதிச் சாலை. உடம்பில் நீர் வற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசையில் போட்டியை நடத்தியவர் வழி நெடுக ஒரே ஓரிடத்தில்தான் தண்ணீர் வைத்தாராம். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் ஸ்ட்ரிக்னின் என்ற விஷமும் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஊக்க மருந்து என்று பெயர்.

அங்கிருந்து காலம் போகப் போகக் கதை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 1990களில் ‘வயிறு தாங்கும் அளவுக்குக் குடி, தாகம் வருவதற்கு முன்பே குடி’ என்றார்கள். 2002ல் பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். நீர் வற்றி அல்ல, அளவுக்கு மீறிக் குடித்ததில் ரத்தத்தின் சோடியம் சரிந்து, மூளை வீங்கி. அதே பந்தயத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டிய 488 பேரின் ரத்தத்தை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்திருந்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைவு. மூன்று பேருக்கு உயிருக்கு ஆபத்தான அளவு. யாருக்கெல்லாம் என்று பார்த்தால், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும். 42 கி.மீ. ஓடிவிட்டு எடை கூடுவது என்றால் எவ்வளவு குடித்திருக்க வேண்டும் பாருங்கள்!

வேகமாக ஓடுகிறவர்களுக்குக் குடிக்க நேரமே இருப்பதில்லை. ஆபத்து நம்மைப் போல ஐந்து, ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் நின்று, தன்னார்வலர் நீட்டுவதை மரியாதைக்காக வாங்கிக் குடிக்கிறவர்களுக்குத்தான். ஒருமுறை கூடாரத்தில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாந்தி, தலைவலி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். கூட வந்த நண்பர்கள் ‘டிஹைட்ரேஷன் டாக்டர், சீக்கிரம் ட்ரிப்ஸ் போடுங்க’ என்று ஒரே அவசரம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் கை. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது, வாட்ச் பட்டை தடம் பதிந்திருந்தது. சோடியம் 122. சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டும். அவருக்குச் சாதாரண சலைனை மளமளவென்று ஏற்றியிருந்தால் நிலைமை இன்னும் கெட்டிருக்கும். 3 சதவீத அடர்ந்த உப்பு நீர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். நம் ஊரில் எந்தக் களைப்புக்கும் ட்ரிப்ஸ் என்பது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இங்கே ஆளைக் கொல்லும்.

அதனால் உங்களுக்கு எவ்வளவு என்பதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, ஆடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடுங்கள். வந்து துடைத்துவிட்டு மறுபடி எடை. 72 கிலோ 71 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால், மணிக்கு 1.3 லிட்டர் வேர்க்கிறது. அவ்வளவையும் திருப்பிக் குடிக்கக் கூடாது. தாகத்துக்குக் குடித்தால் அதில் பாதி, கொஞ்சம் கூடக் குறைய, வரும். பெரும்பாலோருக்கு அது மணிக்கு 400 முதல் 800 மி.லி.க்குள் அடங்கிவிடும். ஒன்றரை கிலோ எடை குறைந்து முடிப்பது சாதாரண விஷயம். கூடினால்தான் கவலை. உப்பு மாத்திரை போட்டுவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தவறு. அளவு மீறிய தண்ணீரை உப்பு மாத்திரை சரிக்கட்டாது. தயசைடு சாப்பிடும் உங்களுக்கு இது இரட்டை எச்சரிக்கை.

ஓ.ஆர்.எஸ். நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொடிப் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில், பெரிய பொட்டலம் என்றால் ஒரு முழு லிட்டரில், கரைக்க வேண்டும். ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று பெரிய பொட்டலத்தை 200 மி.லி.யில் கரைத்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அட்டைப்பெட்டியில் பழ வாசனையோடு வந்த இனிப்பு பானங்கள் பல ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்றன. சூத்திரப்படி இல்லாதவை அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது.

வெயில் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ஜனவரிதானே, மார்கழிக் குளிர்தானே’ என்பீர்கள். சென்னைக்கு அது குளிர், ஓட்டத்துக்கு அல்ல. விடிகாலையில் 21, 22 டிகிரி, காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல். வேர்வை வடிவதால் உடம்பு குளிராது, அது ஆவியானால்தான் குளிரும். கடற்கரை ஓரத்தில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். 4 மணிக்குக் கிளம்பி ஐந்து மணி நேரத்தில் முடிப்பவருக்குக் கடைசி 10 கி.மீ. நல்ல வெயிலில்.

வேர்வையைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ வெயில் படாமல் இருக்க உடம்பெல்லாம் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார். 30ஆவது கிலோமீட்டரை ஒட்டி விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். அதே பந்தயத்தில் ஜப்பானின் ஷிஸோ கனகுரி வெயில் தாங்காமல் வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி, குடிக்க வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். சுவீடன் ஏட்டில் காணாமல் போனவராகவே இருந்தவரை 1967ல் கூப்பிட்டு முடிவுக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். நேரம்: 54 வருடம், 8 மாதம், 6 நாள், சொச்சம். ஒதுங்கியவருக்கு அதற்குள் ஆறு பிள்ளைகள், பத்துப் பேரப்பிள்ளைகள்.

வெப்பத் தாக்கு என்பது வெறும் களைப்பு அல்ல. உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கும். ஆள் வளைந்து வளைந்து ஓடுவார், கோபமாகப் பேசுவார், எந்த ஊர் என்றால் விழிப்பார். தோல் காய்ந்திருக்கும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். ஓட்டக்காரர்களுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். இதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. ஒரே வைத்தியம் அங்கேயே, அப்போதே குளிர வைப்பது. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும். தொட்டி இல்லையா, நாலு பேர் ஒரு தார்ப்பாயைத் தூளி மாதிரி பிடித்து அதில் ஆளைப் படுக்கவைத்து ஐஸ் தண்ணீரை ஊற்றி அலசலாம். அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆனால் அது வரும்வரையும் ஆள் குளிரும்வரையும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கைக்கடிகாரம் சொல்லும் வேகத்தை நம்பாமல் மூச்சை நம்புங்கள். முதல் 10 கி.மீ. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் நல்லது, அது வயிற்றுக்குப் போவதில்லை.

பயிற்சி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, மூன்று ஹாஃப் முடித்தவருக்குத் தெரியும். நான்கு மாதம் வேண்டும், நீண்ட ஓட்டத்தை 30, 32 கி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம், கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் பாதியாக்க வேண்டும். ஆனால் சென்னையில் ஜனவரிப் பந்தயத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பயிற்சி மொத்தமும் வடகிழக்குப் பருவமழையில். தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். கீழே மூடி திறந்த சாக்கடை இருக்கலாம், பக்கத்து ஈ.பி. பெட்டியிலிருந்து மின்சாரம் கசியலாம், காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். அந்த நாளில் மாடிப்படி ஏறுங்கள், வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யுங்கள். ஒரு ஓட்டம் போனால் ஒன்றும் ஆகாது. இருட்டில் ஓடினால் சாலையின் வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. காதில் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் ஓடாமல் நில்லுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

மழைக்காலத்தோடு காய்ச்சலும் வரும். டெங்கு, ஃப்ளூ, பெயர் தெரியாத வைரஸ். எனக்கு மிகவும் பயம் தரும் ஓட்டக்காரர் இவர்தான்: டிசம்பர் கடைசியில் மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் குறைந்தது, ‘நாலு மாசம் உழைச்சாச்சு டாக்டர், விட முடியுமா’ என்கிறவர். வைரஸ் சில சமயம் இதயத் தசையிலேயே உட்கார்ந்துவிடும். அதோடு ஓடினால் துடிப்பு தடம் புரண்டு திடீரென்று நின்றுபோகலாம். சிலருக்கு வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. மூக்கு ஒழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு, கழுத்துக்கு மேல் மட்டும் என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு என்றால் கிடையவே கிடையாது. டெங்கு என்றால் அந்த ஜனவரி போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரி வரும்.

முதல் நாள் சாப்பாட்டில் புத்திசாலித்தனம் வேண்டாம். இட்லி, இடியாப்பம், தயிர் சாதம், வழக்கமானது. சுண்டலும் பிரியாணியும் மறுநாள் இரவுக்கு. காலை 2.30 மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். காபி வழக்கமாகக் குடிக்கிறவர் என்றால் குடிக்கலாம். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு ஜெல்லிலும் (ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்ப் பாக்கெட்) ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் தலா சுமார் 25 கிராம். எதையும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் பந்தய எண் அட்டை) வாங்கப் போகும் இடத்தில் தள்ளுபடியில் கிடைத்த ஷூவை மறுநாளே போட்டு ஓடியவரின் கால் நகங்களை நான் பார்த்திருக்கிறேன், பத்தும் கறுப்பு. ஷூ அரை அளவு பெரிதாக, 100 கி.மீ.யாவது ஓடிப் பழகியதாக இருக்கட்டும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின், மார்புக் காம்புகளில் பிளாஸ்திரி. சிரிப்பீர்கள். வெள்ளைப் பனியனில் இரண்டு ரத்தக் கோடு வடிந்து முடித்தவர் யாரும் இரண்டாம் முறை சிரித்ததில்லை.

பிப்பின் பின்பக்கம் எழுத இடம் இருக்கும். பலர் காலியாக விடுகிறார்கள். மனைவியின் தொலைபேசி எண், பி.பி. மாத்திரையின் பெயர், ஒவ்வாமை இருந்தால் அதுவும். நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது எங்களுக்கு அதுதான் பேசும்.

பக்கத்தில் ஓடுகிறவர் திடீரென்று விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சு இல்லாமலோ மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியோ கிடந்தால் அது வலிப்பு அல்ல, இதயம் நின்றிருக்கிறது. சாவி கொடுப்பது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் வேண்டாம். ஒருவர் 108க்கு அழைக்கட்டும், ஒருவர் மருத்துவக் குழுவிடம் ஓடட்டும், நீங்கள் நெஞ்சு நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இறப்பு பாதியாகக் குறைந்தது என்று மேலே சொன்னேனே, அது பெரும்பாலும் இப்படிப்பட்ட கைகளால்தான். ஒரு ஞாயிறு செலவழித்து நீங்களும் உங்கள் மனைவியும் சி.பி.ஆர். என்ற இந்த முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய பயத்துக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

எப்போது நிற்பது என்பதை இப்போதே, வீட்டில் உட்கார்ந்து, எழுதி வையுங்கள். 33ஆவது கிலோமீட்டரில் மூளைக்குச் சர்க்கரை போதாமல் இருக்கும். அது சரியான முடிவு எடுக்காது. நெஞ்சில் இறுக்கம், மூச்சுக்குச் சம்பந்தமில்லாத திணறல், தலைசுற்றல், வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, வாந்தியோடு குழப்பம், ஒரே புள்ளியில் கூடும் வலி. இதில் எது வந்தாலும் நிற்கிறேன் என்று எழுதி மனைவியிடம் கொடுங்கள். அவரையோ ஒரு நண்பரையோ 30 கி.மீ. அருகில் நிற்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து ‘போதும், வாங்க’ என்றால் வந்துவிட வேண்டும், வாதம் கிடையாது. நான் இரண்டு பந்தயங்களை இப்படிப் பாதியில் விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் காரில் திரும்பும்போது அழுகை வந்தது. மறுநாள் காலை இட்லி நன்றாகத்தான் இறங்கியது.

முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கோட்டைத் தாண்டியதும் டக்கென்று நிற்காதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கிக் கண் இருட்டும். கோட்டைத் தாண்டிய பிறகு இப்படி விழுகிறவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார். கோட்டுக்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுகிறவரைத்தான் நாங்கள் பதறிக்கொண்டு பார்ப்போம்.

வீட்டுக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளாமல் உப்புப் போட்ட மோர், கஞ்சி, ரசம் சாதம் என்று மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அன்றும் மறுநாளும் வலி மாத்திரை வேண்டாம். மிகவும் தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் மட்டும். ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் வரவில்லை, அல்லது கோலா நிறத்தில் வருகிறது, அல்லது தலைவலி கூடி வாந்தி வருகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் போய் முதல் வாக்கியமாக ‘இன்று காலை 42 கி.மீ. ஓடினேன், இந்த பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். சோடியமும் கிரியேட்டினினும் பார்க்காமல் ட்ரிப்ஸ் போட வந்தால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதயமும் தசையும் அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின், சி.கே. என்ற ரத்த அளவுகள் ஓட்டத்துக்குப் பிறகு நல்ல இதயம் உள்ளவர்களுக்கே ஏறி ஓரிரு நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில், இறங்கும். ஓடியதைச் சொல்லாவிட்டால் மாரடைப்பு என்று நினைத்து ஐ.சி.யூ.வில் படுக்கவைத்துவிடுவார்கள். அதே சமயம் நெஞ்சு வலியும் இருந்தால் ‘ஓடியதால்தான்’ என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிடவும் கூடாது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.